கீரை, பயறு, எலுமிச்சை: புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் உணவு வழிகாட்டி

வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து முதன்முதலாகத் தன் கையால் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும், புதுக்குடித்தனம் தொடங்கியிருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அடுப்படி ஒரு வழக்கத்துக்குப் பழகிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. தொடங்கும்போதே நல்லபடியாக அமைத்துக்கொள்வது எளிது, செலவும் குறைவு.

எதைச் சாப்பிட்டால் நோய் அண்டாது என்று கேட்டால், இன்று பதில் சொல்ல ஆயிரம் விளம்பரங்கள் வரிசையில் நிற்கின்றன. வெளிநாட்டு விதை, டப்பாவில் அடைத்த பொடி, காலையில் வெறும் வயிற்றில் குடிக்க ஒரு சாறு. தெருமுனையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் முருங்கைக்கீரையையே காயவைத்துப் பொடியாக்கிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இவற்றில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. மளிகைக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் ரேஷன் கடையிலும் கிடைப்பவை போதும். ஒரு பொருளைத் தனியாகப் பிடித்துக்கொண்டு அதில் என்ன சத்து என்று பார்ப்பதைவிட, அதை எவ்வளவு சாப்பிடுகிறோம், எப்படிச் சமைக்கிறோம், எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பகுதி பலன் இருக்கிறது.

உணவின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல உணவு சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தசோகை, குடல் புற்றுநோய் போன்றவை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. வந்துவிட்டவர்களுக்கு அதைக் கட்டுக்குள் வைக்கக் கைகொடுக்கிறது. மருந்தின் இடத்தில் அதை வைக்க முடியாது. ஏதோ ஒரு காய் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

முதல் படி: உங்கள் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சந்தைக்குப் போகும் முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை என்று கொள்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அளவுகோல் வேறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அசதி, மூச்சு வாங்குவது, படியேறினால் படபடப்பு ஆகியவற்றை வேலைக் களைப்பு என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் சுமக்கிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

சர்க்கரையும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது என்றும், அதற்கு முந்தைய நிலையில் 13 கோடியே 60 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. அந்த முந்தைய நிலையில் இருப்பவர்களுக்குத்தான் தட்டை மாற்றுவதால் மிகுந்த பலன்.

இரண்டாம் படி: தட்டின் கணக்கு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்து வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு ஏறத்தாழ இப்படி: கீரையும் காய்கறியும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி உள்ளிட்ட தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி சேர்த்து 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, எண்ணெய் 27 கிராம்.

காய்கறி தானியத்தைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். தட்டு நிறையச் சோறு, அதன் மேல் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். நாள்தோறும் ஒவ்வொன்றையும் எடைபோடத் தேவையில்லை. தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொள்ள வேண்டும், கால்பகுதி சோறு, மீதி பருப்போ மீனோ முட்டையோ. முதலில் காயைப் பரிமாறிவிட்டுச் சோற்றைப் பிறகு போட்டால் இது தானாகவே அமைந்துவிடும். சாப்பிடும்போதும் காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பின்னால் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாம் படி: கீரையோடு பழகுங்கள்

புதிதாகச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் கைவிடுவது கீரையைத்தான். ஆய வேண்டும், மண் போக அலச வேண்டும், அரை நாளில் வாடிவிடும் என்பார்கள். அந்தச் சிரமம் உண்மைதான், ஆனாலும் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

தொடங்குவதற்குச் சிறுகீரையோ அரைக்கீரையோ நல்லது. வாங்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்தால் முற்றல். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வேரை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு, கழுவாமல் செய்தித்தாளிலோ பருத்தித் துணியிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே அழுகும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமுக்கி அலசி மேலே தூக்கி எடுங்கள், மண் அடியில் தங்கிவிடும். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் தண்ணீரில் கரையும் சத்துகள் அதோடு போய்விடும். வேகவைத்த தண்ணீரையும் கொட்டாமல் மத்தால் கடையும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ரசத்துக்கு எடுத்து வையுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு பெரிய கட்டு வெந்தால் ஒரு கிண்ணத்துக்குச் சுருங்கிவிடும், முன்னாலேயே போட்ட உப்பு கரிக்கும்.

முருங்கைக்கீரையைக் கண்டால் பலருக்கும் பயம், அத்தனை சிறிய இலைகளை யார் உருவுவது என்று. மாலையில் வாங்கிய கொத்துகளை ஒரு துணியில் இறுகச் சுற்றி இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் தாமாக உதிரும், காம்புகளைப் பொறுக்கி எடுப்பது மட்டும்தான் வேலை. கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வேகவிடுங்கள். அடிக்கடி கிளறினால் உருண்டை கட்டும். இறக்கும்போது வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தூவினால் கசப்பு தெரியாது. கால்சியம், இரும்பு, வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் எல்லாம் இதில் உண்டு. கரோட்டினைக் குடல் உறிஞ்சக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பதால் தாளிக்கும் எண்ணெயும் தேங்காய்த் துருவலும் வீண் அல்ல. எண்ணெயே இல்லாமல் அவித்த கீரை உடலுக்கு நல்லது என்று நினைக்கிறவர்கள் அந்தச் சத்தில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

வாரத்தில் மூன்று நாளாவது கீரை இருக்கட்டும். விதிவிலக்கானவர்களும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே கீரையைக் கூட்ட வேண்டும்.

நான்காம் படி: பயறை ஊறவையுங்கள், முளைகட்டுங்கள்

ஒரு டம்ளர் துவரம்பருப்பில் ஐந்து பேருக்குச் சாம்பார் வைப்பது நம் சிக்கனம். அதில் ஒருவருக்கு வரும் பருப்பு மிகக் கொஞ்சம். தனியாகச் சமைக்கிறவர் இந்தப் பழக்கத்தை எளிதாக மாற்றலாம். சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள், நாள்தோறும் ஒருவேளையாவது முழுப்பயறு ஒன்று சேரட்டும். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று மாற்றிக்கொண்டே வரலாம். புரதம், இரும்பு, ரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட், நார்ச்சத்து நான்கும் ஒன்றாகக் கிடைக்கும் மலிவான உணவு இதைப்போல் வேறில்லை.

முளைகட்டுவதற்கு முதலில் பச்சைப்பயறை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஏமாற்றாது. இரவு அரை டம்ளர் பயறைக் கழுவி, மூழ்குவதற்கு மேல் நான்கு விரல் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, மிதக்கும் சொத்தைகளை நீக்கிவிட்டு, ஈரமான மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து ஓர் ஆணியிலோ குழாயிலோ தொங்கவிடுங்கள். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். நம் வெயிலுக்கு அன்று மாலையே வெள்ளை முனை எட்டிப் பார்க்கும், மறுநாள் காலை அரை விரல்கடை நீளம் இருக்கும். முளைத்த பயறில் வைட்டமின் சி உருவாகிறது. இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்கு விடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் குறைகிறது. தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் புளித்த வாடை என்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். முளைக்கவைக்கும் ஈரச் சூடு கிருமிகளுக்கும் பிடித்தமானது என்பதால் பச்சையாகத் தின்பதைவிட ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவதே பாதுகாப்பு. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் கட்டாயம் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

இட்லி மாவு புளிக்கும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. ஆகவே இட்லி நல்ல உணவுதான். ஐந்து இட்லியைத் தேங்காய்ச் சட்னியோடு மட்டும் முடித்துக்கொள்ளாமல், மூன்று இட்லிக்குக் காய் நிறைந்த கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதோடு எது

செலவே இல்லாமல் மிகுந்த பலன் தருவது இந்தப் படி. கீரை, பயறு, தானியம் ஆகியவற்றில் இருக்கும் இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே சாப்பாட்டில் வைட்டமின் சி-யும் சேர்ந்தால் உறிஞ்சுவது கூடுகிறது. சுண்டல் மேல் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு, ஏனென்றால் சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும். கீரைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுங்கள். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப்போல் பல மடங்கு. ஆப்பிள் வாங்கும் காசில் கொய்யா இரண்டு பங்கு கிடைக்கும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள்கூட ஆப்பிளைத்தான் தேடுகிறார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை.

இதற்கு நேர்மாறானது தேநீர். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும் இரும்பு உறிஞ்சப்படுவதை வெகுவாகக் குறைக்கின்றன. டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் வேண்டாம், அவ்வளவுதான். டிபனும் டீயும் ஒன்றாக முடிக்கிற பழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. ரத்தசோகை உள்ள பெண்கள் இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாலும் நல்லது. வயது வந்த பெண்ணுக்கு நாள்தோறும் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைப் பெண் சாப்பிடும் வழக்கம் எவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

ஆறாம் படி: அரிசியும் சிறுதானியமும்

அரிசியைப் பகையாக நினைக்கத் தேவையில்லை, அளவும் வகையும்தான் கேள்வி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கமே அரிசியோடு தொடர்புடையது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான் அது. 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களைப் பெரிபெரி தாக்கியது. தவிட்டோடு தயமின் என்ற வைட்டமின் பி1 போய்விடுவதுதான் காரணம். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் புழுங்கல் அரிசியில் அது பச்சரிசியைவிட அதிகம் தங்குகிறது. ஆகவே ரேஷன் புழுங்கல் அரிசியைக் குறைவாக நினைக்க வேண்டாம். பலமுறை களைந்து வெளுக்கவைக்காதீர்கள். கஞ்சி வடித்தால் அதைக் குடித்துவிடுங்கள்.

2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசியை வழங்கத் தொடங்கினார்கள். களையும்போது சில மணிகள் மட்டும் நிறம் மாறித் தெரிவதைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அவர்கள் எறிவது அரிசி மாவோடு சத்தைச் சேர்த்துச் செய்த மணிகளை. தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுதானியங்களில் கேழ்வரகுக்குத் தனி இடம் உண்டு. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம், வேறெந்தத் தானியமும் பக்கத்தில் வராது. கம்பில் இரும்பு அதிகம். சாமை, வரகு, தினை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற வெண்மையில் இருந்தால் தவிடு போகத் தீட்டியது, அதற்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சற்று மங்கலாக, பழுப்புப் படர்ந்திருப்பதை வாங்குங்கள். சிறுதானியம் என்றால் சர்க்கரையே ஏறாது என்ற நம்பிக்கை பரவிவிட்டது. அதுவும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் நீர்க்கக் காய்ச்சிய கூழ் வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். அடையாகவோ களியாகவோ காய், பருப்போடு அளவாகச் சாப்பிடுங்கள். வாரத்தில் இரண்டு வேளையில் தொடங்குங்கள். ஒரே நாளில் முழுவதும் மாறினால் வயிறு உப்புசம் வந்து எல்லாவற்றையும் வெறுத்துவிடுவீர்கள்.

ஏழாம் படி: மீன், முட்டை, தயிர்

வைட்டமின் பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான். சைவ உணவுக்காரர்கள் தயிரையும் மோரையும் விடக் கூடாது. பாலையும் தவிர்க்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வஞ்சிரத்தைவிட மத்தியும் நெத்திலியும் அயிலையும் நல்ல பேரம். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் அயிலையிலும் நிறைய, முள்ளோடு சாப்பிடும் நெத்திலியில் கால்சியமும் கிடைக்கிறது. பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வையுங்கள்.

கொட்டைகளுக்குப் பாதாம் தேட வேண்டாம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, கொஞ்சம் எள் போதும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையை மட்டும் ஈவிரக்கமின்றி எறியுங்கள். அதில் உருவாகும் அஃப்ளடாக்சின் நச்சு கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடையது, வறுத்தாலும் முழுவதும் போகாது.

எட்டாம் படி: உப்பும் எண்ணெயும் எத்தனை நாள் வருகின்றன?

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் எல்லாவற்றிலும் இருப்பதையும் சேர்த்து. அளந்து போட முடியாதவர்களுக்கு ஒரு வழி: பொட்டலம் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். இருவர் மட்டும் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். எண்ணெயும் அப்படியே, ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்குள். முன்னதாகத் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் பொரியலில் அல்ல, அப்பளத்திலும் வறுவலிலும் இருக்கும். அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

முதல் வாரத்துக்கான சந்தைப் பட்டியல்

எல்லாப் படிகளையும் ஒரே வாரத்தில் ஏற முயன்றால் சோர்ந்துவிடுவீர்கள். முதல் வாரம் இவற்றை மட்டும் வாங்குங்கள். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், கீரை அப்போதுதான் புதிதாக இருக்கும். சிறுகீரை இரண்டு கட்டு, முருங்கைக்கீரை ஒரு கொத்து, அவரை, கத்தரி, பூசணி, கேரட் கால் கால் கிலோ, தக்காளி, சின்ன வெங்காயம், எலுமிச்சை ஆறு, கொய்யா ஒரு கிலோ, கறிவேப்பிலை. மளிகையில் பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, துவரம்பருப்பு அரை அரை கிலோ, நிலக்கடலை கால் கிலோ, கேழ்வரகு மாவு அரை கிலோ. முட்டை ஆறு.

திங்கள், வியாழன், சனி கீரை. ஞாயிறு இரவு பயறு ஊறினால் செவ்வாய் காலை முளைப்பயறு சுண்டல். புதன்கிழமைக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு, வெள்ளி இரவு கேழ்வரகு அடை, அதில் மிஞ்சிய முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். சோற்றை இப்போதைக்கு ஒரு கரண்டி மட்டும் குறையுங்கள். இரண்டாம் வாரம் டீ நேரத்தை மாற்றுங்கள், மூன்றாம் வாரம் உப்பு, எண்ணெய்க் கணக்கைத் தொடங்குங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே சுகாதார நிலையத்தில் ரத்தத்தைத் திரும்பச் சோதித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் முதலிலேயே குறைவாக இருந்து மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால், கீரைதான் சாப்பிடுகிறோமே என்று அதை இடையில் விட்டுவிடக் கூடாது. இழந்த இரும்பை ஈடுகட்ட உணவு மட்டும் போதாது, அளவு சரியான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். நன்றாகச் சாப்பிட்டும் மாத்திரை எடுத்தும் எண் ஏறவில்லை என்றால் குடற்புழு, மாதவிடாயில் மிகையான உதிரப்போக்கு, பி12 குறைபாடு, மூலம் என்று வேறு காரணம் இருக்கலாம். அப்போது அடுத்த கட்டுக் கீரையை வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.